பழைய ஹைலக்ஸுக்கு லிஃப்ட் கிட்: 2 அங்குலமா, 3 அங்குலமா?

ஆண்டாங்குளத்தான்

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவின் ஹைலக்ஸ் டபுள் கெப் இப்போது என் பொறுப்பில். 1998 மொடல், எல்.என்.166, டீசல், முன்னால் டோர்ஷன் பார், பின்னால் பட்டை ஸ்பிரிங். அப்பா 2011இல் பாவித்த வண்டியாகத்தான் வாங்கினார், அதற்கு முன்னால் யார் யார் கையில் இருந்தது, என்னென்ன வேலை பார்த்தார்கள் என்று தெரியாது.

கிழமை நாட்களில் திருகோணமலை டவுனுக்குள் ஓட்டம். சனி, ஞாயிறில் தம்பலகாமத்தில் இருக்கிற வயலுக்குப் போகும். பெரும்போக அறுவடைக்கு ஒரு தடவையில் 10 மூட்டை நெல்லு ஏற்றுவோம், சில நாள் மாமாவின் படகு எஞ்சினை ஏற்றிக்கொண்டு குச்சவெளிக் கடற்கரை மணலுக்குள்ளும் இறக்குவோம். இப்போது பிரச்சினை என்னவென்றால், மூட்டை ஏற்றினால் பின்பக்கம் குந்தி விடுகிறது, வாய்க்கால் ஏறி இறங்கும்போது அடியில் இடிக்கிறது. வெறும் வண்டியாக வந்தாலும் றோட்டில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்தால் முன்னால் 'டக்' என்று இரும்பில் அடித்த மாதிரிச் சத்தம். இரவில் எதிரே வருகிற பஸ்காரர்கள் எல்லாம் எனக்கு லைட் அடித்துக் காட்டுகிறார்கள், நான் டிம்மில்தான் வருகிறேன் என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார்கள் போல. டிரைவ் ஷாப்ட் ரப்பர் பூட் வேறு ஒரு வருடத்தில் இரண்டு தடவை கிழிந்துவிட்டது.

அதனால் 3 அங்குலம் தூக்குகிற கிட் ஒன்று போட்டு, 31 அங்குல டயரும் மாட்டலாம் என்று நினைக்கிறேன். எந்தக் கிட் நல்லது? 2 போதுமா, 3 வேண்டுமா? புது வண்டி வாங்குகிற கதையே இல்லை, ஆகவே அந்த ஆலோசனை வேண்டாம்.

நிலாவெளி மணல்

தம்பி, கிட்டுக்கு ஏன் காசு? முன்னால் டோர்ஷன் பாரின் போல்ட்டை இறுக்கினால் வண்டி தானாக எழும்பும், பின்னால் பட்டையின் முனையைச் சசியோடு தொடுக்கிற ஷக்கிளை நீளமாக ஒரு சோடி வெட்டிப் போட்டால் முடிந்தது. நான் என் வண்டிக்கு ஒரு பின்நேரத்தில் செய்தேன். 31 டயர் போட்டு நிலாவெளியிலிருந்து புல்மோட்டை வரை கடற்கரைப் பாதையெல்லாம் ஓடியிருக்கிறேன். பார்க்கிறதுக்கும் சிங்கம் மாதிரி நிற்கும்.

பழைய டீசல்

சிங்கம் நிற்கட்டும், முதலில் அது நொண்டுகிறதா என்று பார்ப்போம்.

ஆண்டாங்குளத்தான், நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். பின்னால் குந்துகிறது, முன்னால் 'டக்', லைட் மேலே அடிக்கிறது, பூட் கிழிகிறது. இந்த நாலும் ஒரே கதையின் நாலு துண்டு என்று எனக்குப் படுகிறது. கிட் வாங்குமுன் ஒரு டேப் எடுத்து அளவுங்கள். சமதரையில் நிறுத்தி, டாங்க் நிரப்பி, சில்லின் நடு மையத்திலிருந்து மேலே மட்கார்ட் விளிம்பு வரை நாலு பக்கமும் எத்தனை மில்லிமீற்றர் என்று சொல்லுங்கள். நிலத்திலிருந்து அளக்க வேண்டாம், அதில் டயரின் தேய்மானமும் காற்றும் கலந்துவிடும்.

அப்புறம் முன் சில்லுக்குப் பின்னால் டோர்ச் அடித்துப் பாருங்கள். சில்லைச் சசியோடு பிடித்திருக்கிற மேல் கைக்குக் கீழே ஒரு ரப்பர்க் கட்டை இருக்கும், சில்லு கீழே தொங்கும்போது மேல் கை அதில்தான் போய் முட்டி நிற்கும். வண்டி தன் சில்லில் நிற்கும்போது கைக்கும் அந்த ரப்பருக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி? அதையும் சொல்லுங்கள். முன் சில்லை டிரைவ் ஷாப்டோடு பூட்டவும் விடவும் திருகுகிற ஃப்ரீவீல் ஹப் இருக்கிறதா, இருந்தால் லொக்கிலா, ஃப்ரீயிலா? முன் டயர் உள் ஓரம் தேய்கிறதா, வெளி ஓரமா?

இவ்வளவும் தெரியாமல் 2, 3 என்று சொல்கிறவன் குருடன் யானை பார்த்த மாதிரி.

கிண்ணியாத்துறை

பழைய டீசல் சொன்னதைச் செய்யுங்க தம்பி. நான் அவசரப்பட்டு மாட்டினவன், அதனால் சொல்கிறேன்.

எனது வண்டி இதைவிடப் பழசு. பின்னால் படுத்துவிட்டது என்று ஒரு கராஜில் கொடுத்தேன், பெயர் வேண்டாம். அவர்கள் பட்டைகளைக் கழற்றி, பட்டறையில் அடித்து வளைத்து, பழைய லொறிப் பட்டை ஒன்றையும் நடுவில் செருகிக் கொடுத்தார்கள். அன்றைக்கு வண்டி என்ன உயரம்! ஆனால் கட்டு தடித்துப்போனது, அதை அக்சிலோடு கட்டுகிற யூ போல்ட் மட்டும் பழையதே. மரை கடைசி நுனியில் நட் பிடித்துக்கொண்டிருந்தது, எனக்கு அதைக் குனிந்து பார்க்கத் தெரியவில்லை.

மூன்று மாதம் கழித்து சீமெந்து ஏற்றிக்கொண்டு மூதூரிலிருந்து வெருகல் பக்கம் போனேன். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தால் வண்டி வலது பக்கம் போகிறது, வண்டியை நேராக விட வேண்டும் என்றால் ஸ்டியரிங்கைக் கோணலாகப் பிடிக்க வேண்டும். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் பொடியன் முந்திக்கொண்டு வந்து, "நானா, உங்கட வண்டி நண்டு மாதிரிப் போகுது" என்றான். இறங்கிப் பார்த்தால் ஒரு பக்கச் சில்லு மட்கார்டின் நடுவில் இல்லை, இரண்டு விரல் பின்னால் போயிருக்கிறது. யூ போல்ட் தளர, பட்டைகளைக் கோத்து வைக்கிற சென்டர் போல்ட் அறுந்து, அக்சில் அப்படியே வழுக்கிவிட்டது. கல்லடியில் நிறுத்தி, சங்கிலி போட்டுக் கட்டி, 20இல் ஊர்ந்து வீடு வந்தேன். அல்லாஹ் காப்பாற்றினான்.

அடித்து வளைத்த பட்டையும் அந்த மாரி முடியுமுன்னே திரும்பப் படுத்துவிட்டது. ஒருமுறை சோர்ந்த இரும்பு அடித்தால் எழும்பும், ஆனால் நிற்காது.

ஆண்டாங்குளத்தான்

நன்றி நானா, வாசிக்கும்போதே வயிற்றைக் கலக்குது. இன்று காலையில் அளந்தேன்.

முன் இடது 508, முன் வலது 503. பின் இடது 455, பின் வலது 441. எல்லாம் வெறும் வண்டியில்.

மேல் கைக்கும் ரப்பருக்கும் நடுவில் ஒரு விரல் விட்டுப் பார்த்தேன், போகவில்லை. வலது பக்கம் கிட்டத்தட்ட தொட்டுக்கொண்டே இருக்கிறது, அந்த ரப்பரும் பாதி பிய்ந்துபோய் ஓரத்தில் இரும்பு மினுங்குகிறது. முன் டயர் வெளி ஓரம் தேய்ந்திருக்கிறது. ஹப் திருகுகிறது இருக்கிறது, ஆனால் இரண்டும் லொக்கில் இறுகிப்போயிருக்கிறது, அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். டோர்ஷன் பார் போல்ட்டின் மரை கீழே மிச்சம் இல்லை, தலை வரை ஏறியிருக்கிறது.

இது நல்ல செய்தியா கெட்ட செய்தியா?

பழைய டீசல்

உங்கள் வண்டி முன்னால் ஏற்கெனவே தூக்கப்பட்ட வண்டி தம்பி. நிலாவெளிக்காரர் சொன்ன அதே வேலையை 2011க்கு முன்னால் யாரோ செய்து, உங்கள் அப்பாவுக்கு விற்றுவிட்டுப் போயிருக்கிறார்கள். நீங்கள் தூக்க நினைக்கிற வண்டியைத்தான் நான் இறக்கச் சொல்லப் போகிறேன்.

டோர்ஷன் பார் என்பது முறுகுகிற ஒரு இரும்புத் தண்டு, அவ்வளவுதான். போல்ட்டை இறுக்கினால் ஸ்பிரிங் பலமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், அது இல்லை. தண்டு அதே தண்டு, அதே பலம். வண்டி மட்டும் மேலே போகிறது, அதாவது சில்லு வண்டியைவிடக் கீழே போகிறது. அப்படிப் போகும்போது, பள்ளத்தில் விழ சில்லுக்கு மிச்சமிருந்த இடத்தை நீங்களே தின்றுவிடுகிறீர்கள். அதனால்தான் சின்னப் பள்ளத்திலும் மேல் கை போய் ரப்பரில் இடிக்கிறது. நீங்கள் கேட்கிற 'டக்' அதுதான். ஆட்களுக்கு அது இறுக்கமான ஸ்பிரிங் மாதிரித் தெரியும், உண்மையில் ஓட இடம் இல்லாத ஸ்பிரிங்.

அதே காரணத்தால் டிரைவ் ஷாப்ட் மேலிருந்து கீழே சரிந்து ஓடுகிறது. ஷாப்டின் முனையில் மடங்குகிற சி.வி. மூட்டுக்கு அவ்வளவு கோணம் பிடிக்காது, பூட்டின் மடிப்பு ஒன்றோடு ஒன்று உரசிக் கிழியும். ஹப் ஃப்ரீயில் இருந்தால் றோட்டில் அந்த ஷாப்ட் சுற்றவே தேவையில்லை, உங்களுடையது லொக்கில் இறுகியிருப்பதால் டவுனுக்குப் பால் வாங்கப் போனாலும் அது அந்தக் கோணத்திலேயே சுற்றுகிறது. வருடத்துக்கு இரண்டு பூட் என்ன, நாலு கேட்டாலும் ஆச்சரியமில்லை. வெளி ஓரத் தேய்மானம், முன்பக்கம் தூக்கியதில் கேம்பர், அதாவது சில்லின் சாய்வு, வெளிப்பக்கம் போனதால் வருவது.

முன்னால் யாரோ தூக்க, பின்னால் தானாகப் படுக்க, வண்டி ஆகாயம் பார்த்து நிற்கிறது. பஸ்காரர் மேல் பிழை இல்லை.

ஆகவே என் வரிசை இது. முதலில் ஹப் இரண்டையும் கழற்றி, கழுவி, கிரீஸ் போட்டு ஃப்ரீயாகத் திருகுகிற நிலைக்குக் கொண்டுவாருங்கள். பிறகு டோர்ஷன் பாரைத் தளர்த்தி, முன்பக்கத்தை 20 மில்லிமீற்றர் அளவு இறக்குங்கள். இரண்டு பக்கமும் மாறிமாறி, சில்லைத் தூக்கிவைத்துத் திருகி, இறக்கி, கொஞ்ச தூரம் ஓட்டி, திரும்ப அளந்து. தண்டைக் கழற்ற வேண்டி வந்தால் எந்தப் பல்லில் இருந்தது என்று பெயின்ற் பொட்டு வையுங்கள், இடது வலது மாற்றிப் போட்டுவிடாதீர்கள், ஒவ்வொன்றும் ஒரு பக்கமாக முறுகுவதற்கே செய்தது. அதற்குப் பின் எலைன்மென்ட்.

பின்பக்கம்தான் காசு செலவழிக்கிற இடம். புதுப் பட்டைக் கட்டு, புது ஷொக், புது புஷ், புது யூ போல்ட், எல்லாம் ஒரே கம்பனியின் ஒரே கிட்டில். 40 மில்லிமீற்றர் தூக்குகிறது போதும், படுத்த பட்டைக்குப் பதில் புதுசு போனாலே அதற்கு மேலும் எழும்பும். ஓல்ட் மேன் எமு, டஃப் டோக், டொபின்சன்ஸ், அயன்மேன், இந்த அவுஸ்திரேலியக் கம்பனிகள் எல்லாம் இந்த வகை ஹைலக்ஸுக்குப் பழகியவை. பெயரைவிட, எந்தப் பாரத்துக்கான பட்டை என்று கேளுங்கள். எப்போதும் 500, 600 கிலோ ஏற்றுகிறவனுக்குச் செய்த கட்டு உங்களுக்கு வேண்டாம். வருடத்தில் அறுவடைக்குத்தான் மூட்டை ஏற்றுகிறீர்கள், மிச்ச நாளெல்லாம் வெறும் பெட்டி. கனத்த பட்டை போட்டால் டவுன் றோட்டில் பல் கிட்டும், மழையில் பின் சில்லு துள்ளும். நடுத்தரக் கட்டு எடுத்து, அறுவடை நாளில் 10 மூட்டையை 7 ஆக்கி ஒரு தடவை கூட ஓடுங்கள். மூட்டை 60, 65 கிலோ என்றால் இப்போது நீங்கள் ஏற்றுவது 600க்கு மேல், ஆளும் சேர்த்தால் இன்னும் கூட.

நிலாவெளி மணல்

சரி, முன்பக்கம் ஒத்துக்கொள்கிறேன். எனக்கும் அந்த 'டக்' இருக்கிறது, றோட்டுப் பிழை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஷக்கிளில் என்ன பிழை? 2 அங்குலம் நீளம் போட்டேன், ஆனால் 2 அங்குலம் எழும்பவில்லை, அதுவும் ஏன் என்று விளங்கவில்லை.

பழைய டீசல்

ஷக்கிள் பட்டையின் ஒரு முனையில்தான் இருக்கிறது, மறுமுனை அசையாது. அக்சில் நடுவில். அதனால் 50 நீட்டினால் 25 அளவுதான் எழும்பும். ரொம்ப நீட்டினால் வளைவில் பின்பக்கம் பக்கவாட்டில் ஆடும், அக்சிலும் சரிந்து, அதைச் சுற்ற வைக்கிற ப்ரொப் ஷாப்டின் கோணம் மாறும். 60க்கு மேல் ஓடும்போது இருக்கைக்குக் கீழே உறுமுகிறதா? உறுமினால் அதுதான்.

சம்பூரான்

இரண்டு விஷயம் யாரும் சொல்லவில்லை.

ஒன்று பிரேக். பின் அக்சிலிலிருந்து ஒரு மெல்லிய கம்பி சசியில் இருக்கிற ஒரு வால்வுக்குப் போகும், பாருங்கள். பாரம் ஏறி வண்டி குந்தினால் அந்தக் கம்பி வால்வைத் தள்ளும், பின் பிரேக்குக்குக் கூடுதல் ஒயில் அழுத்தம் போகும். வெறும் வண்டி என்றால் குறைக்கும், பின் சில்லு பூட்டி வழுக்காமல் இருக்க. நீங்கள் பின்பக்கத்தைத் தூக்கிவிட்டு அதைக் கவனிக்காமல் விட்டால், 7 மூட்டை ஏற்றினாலும் வால்வு வெறும் வண்டி என்றே நினைத்துக்கொண்டிருக்கும். கந்தளாயிலிருந்து பாரத்தோடு வரும்போது பின் பிரேக் பாதி வேலைதான் செய்யும், முன் பிரேக் காய்ந்துபோகும். வண்டி எவ்வளவு எழும்பியதோ அவ்வளவு அந்தக் கம்பியின் அக்சில் பக்கப் பிடியையும் உயர்த்த வேண்டும். பின் பிரேக் ஹோஸ் சில்லு முழுக்கத் தொங்கும்போது இழுபடாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். நிறைய இடத்தில் இதைத் தொடவே மாட்டார்கள், கிட் பெட்டிக்குள் அது இல்லை என்பதால்.

இரண்டாவது டயர். வாய்க்காலில் இடிப்பது என்ன, சசியா, பின் அக்சில் நடுவில் இருக்கிற டிஃப்பா (டிஃபரென்ஷல்)? கிட் போட்டால் சசியும் பொடியும்தான் உயரும், பின் டிஃப் இருந்த இடத்திலேயே இருக்கும், ஏனென்றால் அது சில்லோடு பிறந்தது. பின் டிஃப்பை உயர்த்துவது டயர் மட்டுந்தான். 235/75 15 போட்டிருக்கிறீர்கள் என்றால் அதன் குறுக்கு சுமார் 733 மில்லிமீற்றர், 31 டயர் 787. வித்தியாசத்தில் பாதிதான் உங்களுக்குக் கிடைக்கும், 27 மில்லிமீற்றர். அதற்காக மீற்றர் 60 காட்டும்போது உண்மையில் 64இல் போவீர்கள், மூட்டையோடு இழுக்க கியரும் ஒன்று குறைக்க வேண்டி வரும், ஸ்டியரிங் முழுக்க ஒடித்தால் மட்கார்டில் உரசவும் கூடும். 30 டயர் ஒரு நடு வழி, 14 மில்லிமீற்றர் கிடைக்கும், எஞ்சினுக்குத் தெரியவே தெரியாது.

குச்சவெளி மணலுக்கு உயரமே வேண்டாம் ஐயா. இறங்குமுன் டயரில் காற்றை 18, 20 பி.எஸ்.ஐ.க்கு இறக்குங்கள், டயர் அகலமாகப் படுத்து மணலுக்கு மேலே நடக்கும். றோட்டுக்கு ஏறினதும் திரும்ப அடியுங்கள். ஒரு சின்னக் கொம்ப்ரசர் வாங்குகிற காசு கிட்டின் ஒரு ஷொக்குக்கும் காணாது. உப்புத் தண்ணீர் பட்ட அன்றே அடியைக் கழுவுங்கள், புதுப் பட்டைக்கு நடுவில் உப்பு ஏறினால் இரண்டு மாரியில் கிறீச் என்று அழத் தொடங்கும்.

தண்ணீர் என்றதும் ஞாபகம் வருகிறது. மகாவலி பெருகி மூதூர், வெருகல் பக்கம் றோட்டு மூடும்போது உயர்த்தின வண்டிக்காரர்தான் முதலில் இறங்குவார்கள். வண்டி உயர்ந்தாலும் எயார் ஃபில்டரின் வாய் எங்கே இருக்கிறது என்று பார்த்தீர்களா? டிஃப்பின் மூச்சுக் குழாயும் அப்படித்தான், சுட்டுக்கொண்டிருக்கிற டிஃப் குளிர் தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும். அந்தக் குழாயில் ஒரு ஹோஸ் மாட்டி எஞ்சின் அறைக்குள் உயர்த்திக் கட்டுங்கள், கிட்டைவிட அதுதான் உங்களைக் காப்பாற்றும்.

சட்டம் பற்றி நான் பெரிய ஆள் இல்லை. 2025 தையில் கிளீன் ஸ்ரீலங்கா தொடங்கியபோது பஸ், ஓட்டோவில் கூடுதலாகப் பூட்டினதை எல்லாம் பொலிஸ் கழற்ற வைத்ததை எல்லாரும் பார்த்தோம். ஆகவே, என்ன மாற்றினீர்கள் என்று காப்புறுதிக்காரருக்கு எழுத்தில் கொடுத்து, அதன் பிரதியை வண்டியிலேயே வையுங்கள்.

கிண்ணியாத்துறை

பாட்ஸ் எடுக்கக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போனால் பட்டைக் கட்டு, பழைய ஜப்பான் வண்டியில் கழற்றினது என்று மலிவாகக் காட்டுவார்கள். எடுக்க வேண்டாம் தம்பி. அதுவும் 25 வருடம் பாரம் சுமந்த கட்டுத்தான், உங்களுடைய கட்டின் கூடப்பிறந்தது. 2020 பங்குனியில் வண்டி இறக்குமதியை மறித்து 2025 மாசி வரைக்கும் விடாமல் வைத்திருந்த காலத்தில் இப்படி எத்தனை பழைய சாமான் கை மாறியிருக்கும் என்று நினைக்கிறீங்க.

பூட்டுகிற அன்று கூடவே நில்லுங்க. ஷக்கிள் போல்ட்டையும் முன் கண் போல்ட்டையும் வண்டி ஜக்கில் தொங்கும்போது முழுக்க இறுக்கக் கூடாது. லேசாகப் பிடிக்கவிட்டு, சில்லை நிலத்தில் இறக்கி, நாலு தடவை பெட்டியை அமுக்கி ஆட்டி, அப்புறம்தான் கடைசி இறுக்கு. தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் புஷ் எப்போதும் முறுகியே இருக்கும், சில மாதத்தில் கிழிந்துவிடும். யூ போல்ட்டை 500 கிலோமீற்றரில் திரும்ப இறுக்குங்க. என்னை மாதிரிச் சங்கிலி தேட வேண்டாம்.

ஆண்டாங்குளத்தான்

மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

ஹப் இரண்டையும் கழற்றினேன். உள்ளே கிரீஸ் சவர்க்காரம் மாதிரி இறுகி, கொஞ்சம் கடல் மணலும் இருந்தது. இப்போது விரலால் திருகலாம். முன்பக்கத்தை 20 இறக்கினோம், இப்போது 488, 486. அந்த முதல் நாள் பின்நேரமே உட்துறைமுக வீதியால் ஒரு சுற்று ஓட்டினேன், 'டக்' இல்லை. அப்பா பக்கத்தில் இருந்தார், 14 வருடம் கேட்ட சத்தம் காணாமல் போனது அவருக்குப் பிடிக்கவில்லை போல, ஏதோ கழன்று விழுந்துவிட்டது என்று இறங்கிக் கீழே பார்த்தார்.

பின்னுக்கு 40 மில்லிமீற்றர் நடுத்தரக் கட்டும் ஷொக்கும் சொல்லிவைத்திருக்கிறேன். முன்னுக்கு ஷொக் மட்டும். டயர் இப்போதைக்குப் பழசுதான், தேய்ந்து முடியட்டும், பிறகு 30 போடுவேன். டிஃப் ஹோஸ் இரண்டும் மாட்டியாயிற்று.

சம்பூரான் அண்ணா, அந்தப் பிரேக் வால்வுக் கம்பியைப் பார்த்தேன். அக்சில் பக்கப் பிடி இரண்டு சின்ன போல்ட்டில் நிற்கிறது, இரண்டும் துருவில் ஒன்றாகிவிட்டது. டீசலும் ஒயிலும் கலந்து ஊற்றி வைத்திருக்கிறேன். அறுந்தால் அந்தப் பிடியை வெல்டிங் கடையில் செய்யலாமா, இல்லை கழற்றின சாமான்தான் தேட வேண்டுமா?

சம்பூரான்

பிடியை வெல்டிங் கடையில் செய்யலாம், வெறும் தகடுதான். அளவை இப்போதே, பட்டை கழற்றுமுன், எடுத்து எழுதிவையுங்கள், பிறகு எதிலிருந்து 40 என்று தெரியாமல் நிற்பீர்கள். வால்வை மட்டும் யாரையும் திறக்க விட வேண்டாம். அந்த போல்ட்டுக்கு இன்னும் இரண்டு நாள் ஊற்றுங்கள், அவசரப்பட்டு நீளக் குழாய் போட்டு இழுக்காமல்.

நிலாவெளி மணல்

நானும் என்னுடையதை அளந்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது. பழைய டீசல் அண்ணா, இந்தச் சனிக்கிழமை கந்தளாய்ப் பக்கம் இருப்பீர்களா?